எண்ணெய் குறைந்தது, இனிப்பு குறைந்ததா?

மாலை நான்கரை மணிக்குப் பள்ளிப் பைகளைத் திண்ணையில் போட்டுவிட்டு அடுக்களைக்குள் நுழையும் பிள்ளைகள் முதலில் என்ன கேட்பார்கள் என்பதை அன்னையர் அனைவரும் அறிவர். "தின்ன என்ன இருக்கு?" என்பதே அக்கேள்வி. நம் பாட்டிமார் காலத்தில் அதற்கு விடை கூறுவது எளிதாயிருந்தது. அவித்த கிழங்கு இருந்தது, சுண்டல் இருந்தது, வெல்லமும் தேங்காயும் சேர்த்துப் பிசைந்த அவல் இருந்தது. இன்றோ கடைத்தெருவின் எண்ணெய்ச் சட்டியே பல இல்லங்களுக்கு விடை கூறிக்கொண்டிருக்கிறது. ஒரே எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சிப் பொரித்த பண்டத்தைப் பிள்ளைகளின் கையில் கொடுத்துவிட்டு, உள்ளூர வருந்தும் தாய்மார் நம்மிடையே எத்தனை பேர்!

எம் இல்லமும் இதற்கு விலக்கன்று. குமரி மாவட்டத்துக் கடலோர ஊர் எமது. மூன்று தலைமுறையினர் ஒரே கூரையின்கீழ் வாழ்கிறோம். இல்லத் தலைவருக்கு இதயச் சிகிச்சை முடிந்து எண்ணெய்ப் பண்டங்களைக் குறைக்கும்படி மருத்துவர் கண்டிப்பாகக் கூறியிருக்கிறார். மாமியாருக்கு இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். பிள்ளைகள் இருவருக்கோ கடைகளில் கிடைக்கும் 'பிங்கர் சிப்ஸ்' மீது தீராத ஆசை. ஆளுக்கொரு தட்டு, ஆளுக்கொரு பண்டம் என்று மாலை வேளை பிரிந்து கிடந்தது. எல்லோரும் ஒன்றாக அமர்ந்து உண்ணத்தக்க ஒரு பண்டம் கிடைக்காதா என்பதே நம் ஏக்கமாயிருந்தது.

இந்நிலையில் வளைகுடா நாட்டில் பணிபுரியும் தம்பி, விடுமுறையில் வந்தபோது 'ஏர் பிரையர்' என்னும் காற்றுப் பொரிப்பான் ஒன்றை அன்பளிப்பாகக் கொண்டுவந்தார். "ஒரு கரண்டி எண்ணெய் போதும் அக்கா, எதையும் பொரிக்கலாம்" என்று அவர் கூறியதும் நமக்கு ஏற்பட்ட மகிழ்ச்சிக்கு அளவில்லை. அன்று மாலையே ஒரு கிலோ சீனிக்கிழங்கை வாங்கி வந்தோம். சர்க்கரைவள்ளிக் கிழங்கு என்று பிற மாவட்டத்தார் அழைப்பதையே எம் பகுதியில் சீனிக்கிழங்கு என்கிறோம். அதனைப் பருமனான துண்டங்களாக நறுக்கி, கழுவிய ஈரத்தோடு உப்பும் மிளகாய்த்தூளும் பிசறி, கூடை நிறையக் கொட்டி, இருபது நிமிடம் என்று திருகிவிட்டோம்.

மணி அடித்தது, கூடையை இழுத்தோம். மேலிருந்த துண்டங்களின் நுனி கருகியிருந்தது. அடியிலிருந்தவை கையிலெடுத்தால் தலை சாய்ந்து தொங்கின. மகன் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, "அம்மா, இது அவிச்ச கிழங்குதானே?" என்றான். மாமியார் சிரித்துவிட்டார். "அவிச்சாலே நல்லா இருக்குமே மக்களே, இதுக்கு எதுக்குக் கரண்டு?" என்றார். கருவி மூன்று மாதம் பரணில் உறங்கியது.

குற்றம் கருவியினுடையதன்று, நம்முடையதே என்பதைப் பின்னரே உணர்ந்தோம். கருவி எவ்வாறு இயங்குகிறது என்பதையும் அறிந்திலோம். கிழங்கின் இயல்பையும் எண்ணிப் பார்த்திலோம். இவ்விரண்டையும் அறிந்துகொண்டபின் மொறுமொறுப்பான வறுவல் கைகூடியது. ஆயினும் அதன்பின்னும் ஒரு பாடம் நமக்காகக் காத்திருந்தது. அதனை இறுதியில் கூறுவோம்.

கருவி செய்யும் பணி யாது?

பெயர் காற்றுப் பொரிப்பான் என்றிருப்பினும், உண்மையில் இக்கருவி பொரிப்பதில்லை, சுடுகிறது. அது ஒரு சிறிய சூட்டடுப்பு. மேற்புறத்தில் மின்சாரத்தால் சூடேறும் கம்பிச் சுருள் உண்டு. அதனையடுத்து ஒரு விசிறி விரைந்து சுழல்கிறது. துளைகள் நிறைந்த கூடையில் வைத்த பண்டத்தைச் சுற்றி அவ்விசிறி வெப்பக் காற்றைச் சுழன்றோடச் செய்கிறது. விசிறி பொருத்திய சூட்டடுப்பு புதிய எண்ணமன்று. 1940-களிலேயே விமானங்களில் உறைந்த உணவைச் சூடாக்குவதற்காக அமெரிக்கரான வில்லியம் மாக்ஸன் என்பார் அத்தகைய அடுப்பொன்றை அமைத்தார். அதனை அடுக்களை மேசைக்கேற்ற சிறு கருவியாக்கியவர் நெதர்லாந்து நாட்டவரான பிரெட் வான் டெர் வெய். பிலிப்ஸ் நிறுவனம் 2010-ஆம் ஆண்டு பெர்லின் நகரப் பொருட்காட்சியில் அதனை உலகுக்கு அறிமுகம் செய்தது.

எண்ணெயில் பொரிப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை அறிதல் வேண்டும். காய்ந்த எண்ணெய் துண்டத்தின் எல்லாப் பக்கங்களையும் ஒரே நேரத்தில் தழுவிக்கொண்டு வெப்பத்தைத் தடையின்றிக் கொடுக்கிறது. காற்று அவ்வாறு கொடுக்க வல்லதன்று. அடுப்பினுள் 200 பாகைக் காற்றில் ஒரு கணம் கையை நீட்ட நம்மால் இயலும். 200 பாகை எண்ணெயில் விரல் நுனியையும் வைக்க இயலாது. காற்றின் இக்குறையை அதன் ஓட்டம்தான் ஈடுசெய்கிறது. ஆகவே, காற்று ஓடுவதற்கு வழியில்லாதபடி கூடையை நிரப்பினால் கருவியின் வலிமை அனைத்தும் வீணாகிறது. நாம் முதல் நாள் ஒரு கிலோ கிழங்கைக் கொட்டியபோது செய்தது அதுவே. துண்டங்களிலிருந்து எழுந்த நீராவி வெளியேற வழியின்றிக் கூடைக்குள்ளேயே நின்றது. கிழங்கு பொரியவில்லை, இட்லிக் கொப்பரையில் வைத்ததுபோல அவிந்துவிட்டது. மகன் கூறியது முற்றிலும் உண்மையன்றோ!

கிழங்கின் இயல்பு யாது?

உருளைக்கிழங்கும் சர்க்கரைவள்ளியும் பெயரளவில் கிழங்குகளேயன்றி உறவினர் அல்லர். உருளைக்கிழங்கு கத்தரி, தக்காளி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. சர்க்கரைவள்ளியோ நம் கடற்கரை மணலில் ஊதாப் பூப் பூத்துப் படர்ந்து கிடக்கும் அடம்பங்கொடியின் உறவு. இதன் தாயகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதி. 1492-ஆம் ஆண்டு கொலம்பஸ் மேற்கொண்ட பயணத்தின் பின்னர் ஐரோப்பா இதனை அறிந்தது. போர்த்துக்கீசியர் வழியாக ஆப்பிரிக்காவுக்கும் இந்தியாவுக்கும் வந்து சேர்ந்தது. வந்த இடமெல்லாம் ஏழையின் வயிற்றை நிரப்பிற்று. தைப்பொங்கல் காலத்தில் தென் மாவட்டங்களில் சிறுகிழங்கு, சேனை, பனங்கிழங்கு ஆகியவற்றோடு இதுவும் அடுக்களையில் இடம்பெறுவதைக் காண்கிறோம்.

உருளைக்கிழங்கைப் பொரிக்கும் முறையை அப்படியே இதற்குக் கையாளுவதால்தான் பலர் ஏமாற்றமடைகின்றனர். உருளையில் மாவுப்பொருள் மிகுதி. இனிப்பு மிகக் குறைவு. சர்க்கரைவள்ளியில் இனிப்பு மிகுதி. மேலும் இக்கிழங்கில் மாவுப்பொருளை இனிப்பாக மாற்றும் நொதி ஒன்று உள்ளது. கிழங்கு மெல்ல மெல்லச் சூடேறி 60 முதல் 75 பாகை வரையிலான வெப்பத்தில் நீண்ட நேரம் நின்றால் அந்நொதி விறுவிறுப்பாக வேலை செய்யும். தணலில் புதைத்துச் சுட்ட கிழங்கு தேன்போல் இனிப்பதன் காரணம் இதுவே. ஆனால் வறுவலுக்கு அவ்வினிப்பு பகையாகிறது. மாவுப்பொருள் குறைந்தால் மேற்பரப்பு கெட்டிப்படாது. இனிப்பு மிகுந்தால் உள்ளே வேகுமுன் வெளியே கருகிவிடும். எனவே, வறுவலுக்குக் கிழங்கை விரைவாகச் சூடேற்ற வேண்டும். அதற்குத் துண்டங்கள் மெல்லியவாக இருத்தல் வேண்டும். கருவியும் முன்னரே சூடாகியிருத்தல் வேண்டும்.

கிழங்கின் வகையையும் கருதுதல் நலம். வெளிநாட்டுச் சமையல் நூல்களில் காணப்படும் அளவுகள் பெரும்பாலும் அமெரிக்காவில் விளையும் ஆரஞ்சு நிறச் சதையுள்ள கிழங்குக்கு உரியவை. அது நீர்ச்சத்து மிகுந்து, வெந்ததும் குழைந்துவிடும். நம் சந்தையில் பெரும்பாலும் கிடைப்பதோ சிவந்த தோலும் வெண்மையான சதையும் உடையது, மாவுச்சத்து மிகுந்தது. மொறுமொறுப்புக்கு நம் ஊர்க் கிழங்கே ஏற்றது என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தியாகும். ஆனால் ஊட்டத்தில் ஆரஞ்சு நிறக் கிழங்குக்குத் தனிச் சிறப்பு உண்டு. கண் பார்வைக்கு இன்றியமையாத வைட்டமின் 'ஏ'யாக உடலில் மாறும் பீட்டா கரோட்டின் அதில் நிறைந்துள்ளது. வெண்ணிறக் கிழங்கில் அது இல்லையென்றே கூறலாம். ஆப்பிரிக்கக் குழந்தைகளின் வைட்டமின் குறையைப் போக்க இவ்வாரஞ்சுக் கிழங்கைப் பரப்பிய மரியா அந்த்ராடே, ராபர்ட் முவாங்கா, ஜேன் லோ ஆகிய அறிவியலாளருக்கு 2016-ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசில் பங்களிக்கப்பட்டது. நம் அண்டையில் திருவனந்தபுரத்தை அடுத்த ஸ்ரீகாரியத்தில் 1963-இல் நிறுவப்பட்ட மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையமும் 'ஸ்ரீ கனகா', 'பூ சோனா' முதலிய ஆரஞ்சு வகைகளை உருவாக்கியுள்ளது. கிடைக்குமாயின் வாங்கிப் பயன்படுத்துதல் நன்று.

வாங்கிய கிழங்கைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தலாகாது. இது வெப்ப நாட்டுப் பயிர். ஏறத்தாழ 12 பாகைக்குக் கீழான குளிரில் இதன் நடுப்பகுதி கடினமாகிப் பின்னர் எவ்வளவு வேகவைத்தாலும் மெதுவாவதில்லை. காற்றோட்டமான நிழலில் ஒரு கூடையில் வைப்பதே போதும். நாள்பட்ட கிழங்கு இனிப்பு ஏறியிருக்கும். ஆதலின் வறுவலுக்குப் புதிதாகத் தோண்டியெடுத்த கிழங்கே சிறந்தது.

செய்முறை

நால்வருக்குத் தேவையானவை:

சர்க்கரைவள்ளிக் கிழங்கு – 500 கிராம்
அரிசி மாவு அல்லது சோளமாவு – 1 மேசைக்கரண்டி
நல்லெண்ணெய் அல்லது கடலை எண்ணெய் – 2 தேக்கரண்டி
மிளகுத்தூள் – அரைத் தேக்கரண்டி
வறுத்துப் பொடித்த சீரகம் – கால் தேக்கரண்டி
உப்பு – தேவையான அளவு

முதலாவது, நறுக்குதல். நேரான, நடுத்தரப் பருமனுள்ள கிழங்குகளைத் தேர்ந்துகொள்க. மண் போகக் கழுவித் தோலைச் சீவிக்கொள்ளலாம். இளந்தோலாயின் விட்டுவிடினும் குற்றமில்லை. சுண்டுவிரல் நீளத்தில், அரை சென்டிமீட்டருக்குச் சற்றே மிகுந்த கனத்தில் குச்சிகளாக நறுக்குக. எல்லாம் ஒரே கனமாயிருத்தல் மிக முக்கியம். கனமும் மெலிவும் கலந்திருந்தால் மெலிந்தது கருகும் நேரத்தில் கனத்தது பச்சையாயிருக்கும்.

இரண்டாவது, ஊறவைத்தல். குச்சிகளைத் தண்ணீரில் முப்பது நிமிடம் இட்டு வைக்க. இடையில் ஒருமுறை நீரை மாற்றுக. நீர் கலங்கி வெண்மையாவதைக் காணலாம். நறுக்கிய பரப்பில் ஒட்டியிருந்த மாவும் இனிப்பும் கரைந்து வெளியேறுவதன் அடையாளம் அது. இதனால் குச்சிகள் ஒன்றோடொன்று ஒட்டா. நுனியும் விரைவில் கருகாது.

மூன்றாவது, உலர்த்துதல். அவசரக்காரர் தவறுகின்ற இடம் இதுவே. நீரை வடித்துவிட்டுக் குச்சிகளைச் சுத்தமான பருத்தித் துணியில் பரப்பிப் பத்து நிமிடம் விட்டு, பின்னர் மேலேயும் ஒரு துணியால் ஒற்றி எடுக்க. மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை அதன் வெப்பம் நீரின் கொதிநிலையாகிய 100 பாகைக்கு மேல் ஏறாது. அதற்கு மேல் ஏறினாலன்றிப் பொன்னிறம் வாராது. அதாவது, நாம் துணியால் ஒற்றாமல் விட்ட நீரையெல்லாம் கருவி முதலில் ஆவியாக்கியாக வேண்டும். அதற்குள் உட்புறம் குழைந்துவிடும்.

நான்காவது, மாவு தூவுதல். உலர்ந்த குச்சிகளை அகன்ற பாத்திரத்திலிட்டு மாவைத் தூவிக் குலுக்குக. கிழங்கில் குறைந்துள்ள மாவுப்பொருளை நாம் வெளியிலிருந்து கொடுக்கிறோம். மெல்லிய மேலோடாக அமைந்து மொறுமொறுப்பைத் தருவது இம்மாவே. இடியாப்பத்திற்கென்று சலித்து வைத்திருக்கும் நயமான அரிசி மாவு இதற்கு ஏற்றது. கடையில் 'கார்ன்பிளவர்' என்று விற்கும் வெண்மையான சோளமாவும் ஆகும். ஒவ்வொரு குச்சியின் மீதும் பனிபோல் படிந்தால் போதும், மிகுந்ததை உதறிவிடுக.

ஐந்தாவது, எண்ணெய் சேர்த்தல். இரண்டு தேக்கரண்டி எண்ணெயை ஊற்றி, உலர்ந்த மாவு கண்ணுக்குத் தெரியாதபடி புரட்டுக. எண்ணெயை முற்றிலும் தவிர்த்தலாகாது. எண்ணெய் படாத மாவு வெள்ளைத் திட்டாக நின்று பச்சை வாடை வீசும். மேலும் ஆரஞ்சுக் கிழங்கின் கரோட்டினை உடல் ஏற்றுக்கொள்வதற்கும் சிறிது கொழுப்பு வேண்டும். உப்பை மட்டும் இப்போது சேர்க்காதீர்கள். உப்பு கிழங்கின் உள்நீரை வெளியே இழுக்கும். நாம் பாடுபட்டு உலர்த்தியது வீணாகும்.

ஆறாவது, சுடுதல். வெற்றுக் கருவியை 190 பாகையில் நான்கு நிமிடம் முன்னதாகச் சூடாக்குக. குச்சிகளில் பாதியை மட்டும் கூடையில் ஒரே அடுக்காக, ஒன்றன்மேல் ஒன்று ஏறாதபடி பரப்புக. எட்டு நிமிடம் கழித்துக் கூடையை இழுத்துக் குலுக்கி, ஒட்டியிருப்பவற்றை மரக்கரண்டியால் புரட்டிவிடுக. மேலும் ஐந்து அல்லது ஆறு நிமிடம் வைக்க. கடைசி இரண்டு நிமிடங்களில் அருகிலேயே நின்று பார்த்துக்கொள்ளுதல் வேண்டும். பொன்னிறத்திற்கும் கருகலுக்கும் இடைவெளி மிகக் குறுகியது. ஆரஞ்சுக் கிழங்காயின் 180 பாகையில் வைத்து, இரண்டு மூன்று நிமிடம் கூட்டிக்கொள்க. பின்னர் எஞ்சிய பாதியையும் இவ்வாறே சுடுக. கருவிக்குக் கருவி வெப்பம் வேறுபடுமாதலின், முதன்முறை எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதை ஒரு தாளில் குறித்து அடுக்களைச் சுவரில் ஒட்டிவைத்தால் மறுமுறை துன்பமில்லை.

ஏழாவது, ஆறவிடுதல். எடுத்த வறுவலை உடனே பாத்திரத்தில் குவித்து மூடாதீர்கள். சல்லடையிலோ கம்பித் தட்டிலோ பரப்பி இரண்டு நிமிடம் விடுக. எஞ்சிய ஆவி வெளியேற மேலோடு இன்னும் சற்று இறுகும். அதன்பின் உப்பு, மிளகு, சீரகம் ஆகியவற்றைத் தூவுக. முதற் பகுதி ஆறியிருப்பின் இரு பகுதிகளையும் சேர்த்து இரண்டே நிமிடம் மீண்டும் சூடாக்கிப் பரிமாறலாம். கால் மணி நேரத்திற்குள் உண்டுவிட வேண்டும். உள்ளிருக்கும் ஈரம் வெளியே வந்துகொண்டேயிருப்பதால் நேரம் செல்லச் செல்ல மொறுமொறுப்பு நீங்கும். அது சமைத்தவரின் குற்றமன்று, கிழங்கின் இயல்பு.

பிழைகளும் தீர்வுகளும்

துவண்டு போயிற்றா? கூடையை நிரப்பியிருப்பீர்கள், அல்லது ஈரம் நீங்கியிராது. நுனி கருகிற்றா? சமமாக நறுக்கவில்லை, அல்லது கிழங்கு நாள்பட்டது. மறுமுறை பத்து பாகை குறைத்து வையுங்கள். அடியில் ஒட்டிற்றா? கருவியை முன்னரே சூடாக்கியிருக்க மாட்டீர்கள். புகை எழுந்ததா? எண்ணெய் மிகுந்து அடித்தட்டில் சொட்டியிருக்கும். கருவியின் பின்புறம் வெப்பக் காற்று வெளியேறும் துவாரம் உண்டு. ஆதலின் அதனைச் சுவரையொட்டியோ சமையல் எரிவாயு உருளையின் அருகிலோ வைக்காதீர்கள். மின்செலவைப் பற்றியும் பலர் அஞ்சுகின்றனர். 1500 வாட் கருவி இருபது நிமிடம் இடைவிடாது ஓடினால் ஆவது அரை யூனிட் மின்சாரமே.

கருகலைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் தேவை. இனிப்பும் மாவும் உள்ள பண்டங்களை 120 பாகைக்கு மேல் வறுக்கும்போதும் சுடும்போதும் அக்ரிலமைடு என்னும் வேதிப்பொருள் உண்டாகிறது என்பதை 2002-ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு அறிவியலாளர் வெளிப்படுத்தினர். அது விலங்குகளில் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று சோதனைகள் காட்டியுள்ளன. எண்ணெய் இல்லாத கருவியிலும் அது உண்டாகும். பொன்னிறத்தோடு நிறுத்துவதும் கருகியதை ஒதுக்குவதுமே நாம் செய்யத்தக்கவை. ஊறவைத்தலும் அதனைக் குறைக்க உதவுகிறது.

நாம் கற்ற இறுதிப் பாடம்

'பதறாத காரியம் சிதறாது' என்பர். இம்முறைப்படி செய்தபோது வறுவல் பொன்னிறமாக வந்தது. கடித்தால் ஓசை எழுந்தது. பிள்ளைகள் துள்ளினர். இல்லத் தலைவரும் அச்சமின்றி எடுத்துக்கொண்டார். நால்வர் உண்ணும் தட்டில் இருந்த எண்ணெய் மொத்தம் இரண்டு தேக்கரண்டி, ஏறத்தாழ 80 கலோரி மட்டுமே. மாமியாரோ தயங்கினார். "சக்கரை கூடுமோ?" என்று கேட்டார். வெற்றியின் களிப்பில் இருந்த நாம், "எண்ணெயே இல்லை மாமி, ஒன்றும் செய்யாது, தாராளமாகச் சாப்பிடுங்கள்" என்று கூறிவிட்டோம்.

அச்சொல்லை நம்பி அவர் நாள்தோறும் மாலையில் ஒரு தட்டு உண்டார். பல ஆண்டுகளாகத் தமக்கு மறுக்கப்பட்டிருந்த பண்டம் அல்லவா! நாமும் மகிழ்ந்து பரிமாறினோம். ஒரு மாதம் சென்றது. வழக்கமான இரத்தப் பரிசோதனையில் சர்க்கரையின் அளவு என்றுமில்லாதபடி ஏறியிருந்தது. "உணவில் என்ன மாற்றம் செய்தீர்கள்?" என்று மருத்துவர் கேட்டபோது மாமியார் நம் முகத்தைப் பார்த்தார், பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல டாக்டர், நாக்கைக் கட்டுப்படுத்தல" என்று பழியைத் தம்மீது ஏற்றுக்கொண்டார். அன்று நாம் அடைந்த நாணத்தை எழுத்தில் வடிக்க இயலாது. உண்மையை நாமே மருத்துவரிடம் எடுத்துரைத்தோம்.

எங்கே தவறினோம்? எண்ணெய் வேறு, இனிப்பு வேறு என்பதை மறந்தோம். கருவி எண்ணெயைக் குறைக்கிறது. கிழங்கிலுள்ள மாவையும் சர்க்கரையையும் அது தொடுவதேயில்லை. 100 கிராம் பச்சைக் கிழங்கில் ஏறத்தாழ 77 கிராம் நீரும் 20 கிராம் மாவுச்சத்தும் இனிப்பும் உள்ளன. அந்நீர் நீங்குவதால்தான் மொறுமொறுப்பு உண்டாகிறது என்பதை மேலே கண்டோம். நீர் நீங்கியபின் எஞ்சுவது யாது? சுருங்கிய துண்டத்தில் செறிந்துவிட்ட அதே மாவும் இனிப்புமே. எனவே ஒரு கைப்பிடி வறுவல் என்பது ஒரு கைப்பிடி கிழங்கன்று, அதைவிட மிகுதி. மேலும், நீரில் அவித்த சர்க்கரைவள்ளியைக் காட்டிலும் உலர்ந்த வெப்பத்தில் சுட்டது இரத்தச் சர்க்கரையை விரைவாக உயர்த்துகிறது என்று ஆய்வுகள் தெரிவிக்கின்றன. "அவிச்சாலே நல்லா இருக்குமே" என்று மாமியார் முதல் நாள் கூறிய சொல்லில், அவர் அறியாமலே ஒரு மருத்துவ உண்மை அடங்கியிருந்தது.

'எண்ணெய் இல்லை' என்னும் சொல் நம் காலத்தின் பெரு மயக்கம். கடைகளில் உறைகளின்மீது அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்குகிறோம். கருவியின் பெட்டியில் கண்டு மயங்குகிறோம். ஒரு தீமை குறைந்துவிட்டதென்றால் எல்லாத் தீமையும் அகன்றுவிட்டதாக எண்ணி அளவை மறக்கிறோம். இதயத்திற்கு நலம் பயப்பது நீரிழிவுக்கும் நலம் பயக்கும் என்பது எப்போதும் உறுதியன்று. ஒரே இல்லத்தில் வாழ்வோர் ஒரே பண்டத்தை உண்ணலாம். ஒரே அளவு உண்ணுதல் இயலாது.

இப்போது எம் இல்லத்தில் இவ்வறுவல் ஞாயிறு மாலைக்கு மட்டும் உரியது. மருத்துவரின் ஆலோசனைப்படி மாமியாரின் பங்கு பத்துக் குச்சிகள். அதனோடு ஒரு கிண்ணம் கடலைச் சுண்டல். அன்று இரவு உணவில் அதற்கு ஈடான பகுதியைக் குறைத்துக்கொள்கிறார். கூடுதலாக உண்ணாமல் ஒன்றுக்குப் பதில் ஒன்றாக உண்ணும் வழி இது. மற்ற நாட்களில் ஆசை எழுந்தால் அவித்த கிழங்கில் ஒரு சிறு துண்டு. நீரிழிவுள்ளோர் தத்தம் மருத்துவரைக் கேட்டே அளவை முடிவு செய்தல் வேண்டும். எம் இல்லத்து அளவு எல்லோர்க்கும் பொருந்தும் என்று கூறோம்.

பத்துக் குச்சிகளை எண்ணி வைக்கும் பொறுப்பு பேத்தியினுடையது. சென்ற மாதம் ஒருநாள் அவள் பதினொன்று வைத்துவிட்டாள். மாமியார் தாமே எண்ணிப் பார்த்து ஒன்றை எடுத்து அவள் வாயில் ஊட்டிவிட்டார். "எண்ணித் தந்தாலும் வருத்தமில்ல மக்களே, எல்லாரும் கூட இருந்து தின்னா போதும்" என்றார்.

நாம் ஏங்கியதும் அதற்காகத்தானே! வரும் ஞாயிறன்று நீங்களும் செய்து பாருங்கள். கூடையைப் பாதியாக நிரப்புங்கள். தட்டுகளை ஆளுக்கேற்ற அளவில் நிரப்புங்கள். வறுவல் சூடாயிருக்கும்போதே எல்லோரையும் அழைத்து அமரச் செய்யுங்கள். கால் மணி நேரம்தான் அது மொறுமொறுப்பாயிருக்கும்.